நாடித்துடிப்பு இல்லாமல் ரத்தம் ஓடினால்… ரத்தக்குழாய்க்கு என்ன ஆகும்?

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி தட்டுப்படாது. ஆனாலும் அவர் நடக்கிறார், பேசுகிறார், வேலைக்கும் போகிறார். எப்படி? இதயத்தின் இடது கீழறையில் பொருத்தப்பட்ட எல்.வி.ஏ.டி. என்ற சிறிய பம்ப், ரத்தத்தை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இயற்கையான இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பெருந்தமனி ரப்பர் குழாய் மாதிரி விரிந்து சுருங்கும். அந்த நெகிழ்வைத் தருவது எலாஸ்டின்; உறுதியைத் தருவது கொலாஜன்.

துடிப்பு குறைந்துபோனால்? தொடர் ஓட்ட பம்ப் வைத்தவர்களின் பெருந்தமனியை, பம்ப் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுடையதோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். எலாஸ்டின் குறைந்து, கொலாஜன் கூடி, சுவர் தடித்து விறைப்பாகியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறினால் இந்த பம்ப் தள்ளும் ரத்தத்தின் அளவு குறையும். பக்கவாத ஆபத்தும் கூடும். அதனால் இது சின்ன விஷயமல்ல.

2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3, 2 விநாடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றி செயற்கைத் துடிப்பு தருகிறது. அதுவும் இயற்கைத் துடிப்புக்கு ஈடாகாது.

அதுக்காக பம்ப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? மாற்று இதயம் கிடைக்காதவருக்கு அதுதான் உயிர். ஆனால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. ரத்தக்குழாய் எவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே பம்ப்பை எடைபோட வேண்டும்.