நிலாப் பாட்டும் நெஞ்சின் நினைவும்

வானத்து நிலவு ஒன்றே. அதனைக் காணும் நெஞ்சங்களோ பல. ஒருவர்க்கு அது தாய்மடியாய்த் தோன்றும். மற்றொருவர்க்குப் பிரிவுத் துயராய்க் கனலும். இவ்வேறுபாடு நிலவினால் விளைவதன்று; அதனோடு சேர்த்து நாம் கேட்ட பாட்டினாலும், அப்பாட்டைக் கேட்ட வேளையினாலும் விளைவது. ஆதலின், நிலாப் பாட்டைத் தேர்வுக்குரிய செய்யுளாக மட்டும் கற்பித்து அமைதல் போதாது. நினைவோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.

இவ்வுண்மையைப் பண்டைச் சான்றோர் நன்குணர்ந்திருந்தனர். பாரி மகளிர் பாடியதாக வழங்கும் புறநானூற்று 112 ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆயது. தந்தையும் குன்றும் தமக்கிருந்த நிலவிரவையும், இரண்டும் இழந்த நிலவிரவையும் அருகருகே நிறுத்துவதன்றி அது வேறொன்றும் செய்யவில்லை. அழுதோம் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. எனினும் கற்போர் கண் கலங்குகின்றது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களோ ஏழாவதாகிய அம்புலிப் பருவத்திலே, சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கின்றன. முற்றத்தில் நின்று சோறூட்டும் தாயின் மொழியே அங்கு புலவர் நாவில் ஏறி அமர்ந்தது. ஒரே நிலவு ஈண்டு உவகை, ஆண்டு அவலம்.

நூலில் மட்டுமன்று, வாழ்விலும் இதனைக் கண்டோம். எம் இளமை பல்லேபொலவிற் கழிந்தது. மிளகு காயவைக்கும் பாய்களைச் சுருட்டிவிட்டு, அந்த முற்றத்திலேயே அயல்வீட்டு அன்னையர் தம் மக்களுக்கு நிலாக் காட்டிச் சோறூட்டுவர். எம் அன்னையார் மட்டும் நிலாப் பாட்டுப் பாடியதில்லை. அதன் காரணத்தை யாம் வளர்ந்த பின்னரே அறிந்தோம். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரம் மூண்டது முழுநிலவை ஒட்டிய இரவுகளில். கைக்குழந்தையாகிய எம்மை மார்போடணைத்து மிளகுக் கொடிகளின் மறைவில் ஒடுங்கியிருந்த அன்னையார்க்கு, அந்நிலவே காட்டிக்கொடுக்கும் பகையாகத் தோன்றிற்று. அவரைத் தம் வீட்டினுள் அழைத்து மறைத்தவர் அயலிலிருந்த சிங்கள மூதாட்டியார். அழுத எம்மைத் தேற்ற அம்மூதாட்டியார், நிலவை 'ஹந்த' என்று விளித்துத் தம் மொழியில் மெல்லப் பாடினாராம். எம்மைத் தேற்றிய முதல் நிலாப் பாட்டு அதுவே. நிலவின் மறுவை முயலென்று நம் புலவர் பாடினர். சிங்கள மக்களும் அங்கே சச ஜாதகக் கதையின் முயலையே காட்டுவர். இத்தகைய நினைவுகள் எந்த வினாத்தாளில் இடம்பெறும்?

"1969 இல் மனிதன் நிலவில் கால்பதித்தான், 2023 இல் சந்திரயான் 3 அதன் தென்துருவப் பகுதியை அடைந்தது, இனி நிலாப் பாட்டு எதற்கு?" என வினவுவார் உளர். கல்லும் மண்ணும் அங்குண்டென அறிந்ததனாற் பாரி மகளிரின் துயர் குறைந்துவிட்டதா? அறிவியல் நிலவின் இயல்பை உரைக்கின்றது. பாட்டு நம் இயல்பை உரைக்கின்றது. உண்மையான இடையூறு வேறு. இன்று குழந்தைக்குச் சோறூட்டும் பணி கைத்தொலைபேசிக்குரியதாயிற்று. அதிலும் நிலாப் பாட்டு ஒலிக்கின்றது. ஆயின், அண்ணாந்து பார்க்க நிலவில்லை, பாடியவரைப் பின்னாளில் நினைந்துகொள்ள ஒரு முகமுமில்லை. முன்னாளில் வானொலியிலும் திரையிலும் கேட்ட நிலாப் பாட்டுக்கள் மூத்தோர் நெஞ்சில் இன்றும் நிலைப்பது, வீட்டார் சூழ இருந்து அவற்றைக் கேட்டமையாலன்றோ?

இதற்கு வழி எளிது. நம் நாட்டில் முழுநிலா நாள் ஒவ்வொன்றும் விடுமுறை நாள். 1966 முதல் 1971 வரை வார விடுமுறையே போயா நாட்களைத் தழுவி அமைந்ததனை மூத்த பழைய மாணவர் மறந்திரார். அத்தகைய நாளொன்றின் மாலையில், விளக்கணைத்த கல்லூரி முற்றத்தில் மாணவர் கூடுக. பாட்டியரையும் தாத்தாமாரையும் உடனழைத்து வருக. தோட்டத்துப் பாட்டாயினும், யாழ்ப்பாணத்துப் பாட்டாயினும், சிங்களப் பாட்டாயினும் அவர்கள் பாடுவதைப் பாடியவர் பெயரோடும், முதலிற் கேட்ட இடத்தோடும் எழுதிக்கொள்க. பாட இயலாதார் உளரேல், ஏன் இயலவில்லை என்பதனையும் பணிவோடு கேட்டறிக, அதுவும் வரலாறே.

பழைய மாணவ அன்பர்களே, இவ்விழாக் காலத்திற் கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் பொருள் வழங்குகின்றீர்கள், நன்று. அதனோடு, நீவிர் கேட்ட நிலாப் பாட்டொன்றையும் கல்லூரிக்கு எழுதி அனுப்புங்கள். பாடினோர் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். காலந் தாழ்த்தல் ஆகாது.