தவணைக் கதிரையா, ஓலைத் தட்டியா?

விடத்தல்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியுள்ளார். இன்னும் பத்து வாரங்களில் அவருடைய மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மன்னார்ப் பட்டினத்திலிருந்து வரவிருக்கின்றனர். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த பணத்தோடு கையிலிருந்ததையும் போட்டு எழுப்பிய வீடு. கூரை உண்டு, சீமெந்துத் தரை உண்டு, முன் மண்டபத்தின் இரண்டு சுவர்கள் மட்டும் இன்னும் கல் தெரிய நிற்கின்றன. சேமித்து வைத்திருப்பது 20,000 ரூபா. கணவர் கடற்றொழிலாளி.

"கதிரைச் சோடி ஒன்று தவணைக்கு எடுக்கலாம் என்று அவர் சொல்கிறார். முற்பணம் 10,000 ரூபா, பிறகு இருபத்து நான்கு மாதங்களுக்கு மாதம் 4,500 ரூபா. மாமி நன்றாக ஓலை இழைப்பா. தட்டி, தடுக்கு எல்லாம் தானே இழைத்துத் தருவதாகச் சொல்கிறா. ஆனால் மகள் சம்மதிக்கிறாளில்லை. 'ஓலையைக் கண்டா எனக்கு முகாம்தான் ஞாபகம் வருது அம்மா. வாற ஆக்கள் எங்களை இன்னும் அகதிச் சனம் எண்டுதான் நினைப்பினம்' என்று அழுகிறாள். நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார் சகோதரி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 4,500 ரூபா வீதம் இருபத்து நான்கு மாதங்களுக்கு 108,000 ரூபா. முற்பணத்தையும் சேர்த்தால் 118,000 ரூபா. அதே கதிரைச் சோடியின் ரொக்க விலை 82,000 ரூபா என்று கடிதத்தின் இன்னோர் இடத்தில் சகோதரியே எழுதியிருக்கிறார். ஆக, காத்திருக்க மாட்டாமைக்கு நாம் கொடுக்கும் விலை 36,000 ரூபா. இதோடு கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மன்னார்த் தீவின் தென்புறக் கடலைச் சோளகக் காற்றுக் குழப்பும். விடத்தல்தீவு இருக்கும் வடபுறக் கடலை வாடைக் காற்றுக் குழப்பும். எப்புறமாயினும், வள்ளம் கரையில் கிடக்கும் மாதங்கள் வருடத்தில் சில உண்டு. தவணை அறவிட வருகிறவர் காற்றின் திசை பார்த்து வருவதில்லை. போருக்குப் பின் வடக்கில் எத்தனை குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், இத்தகைய சிறு கடன்களை அடைக்க வேறு கடன் வாங்கி அல்லற்பட்டனர் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே கதிரை வேண்டாம் என்பதே நமது எண்ணம். அன்று அமர்வதற்கு நான்கு கதிரைகளை அயலிலே இரவல் கேட்டால் இல்லையென்பார் எவருமிலர்.

ஆனால் மகளின் கண்ணீர் கணக்கினால் தீராது. அந்தப் பிள்ளையின் வயதைக் கடிதத்திலிருந்து ஊகிக்கிறோம். 2008இல் ஊர் பெயர்ந்தபோது அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும். வன்னியில் இடம் இடமாக மாறி, 2009இல் செட்டிகுளத்து முகாமில் படங்குக்குக் கீழே இருந்து, ஊர் திரும்பிய பின்னரும் வீடு எழும்பும் வரை ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள். மழையில் ஒழுகிய ஓலையையும் பூச்சி விழுந்த ஓலையையும் அவள் அறிவாள். அப்பாச்சியின் கையில் பட்டுப்போல் வழுவழுத்த ஓலையை அறியாள். "அது வேறு, இது வேறு" என்று அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டாம். வெறும் வார்த்தையால் அவள் மனம் மாறப்போவதில்லை. ஒரேயொரு தடுக்கை, நல்ல சார்வோலையில், சிவப்பும் நீலமும் கலந்து மாமியைக் கொண்டு இழைப்பித்து, ஒன்றும் பேசாமல் மகளின் மேசைமேல் வைத்துவிடுங்கள். பிறகு நடப்பதைப் பாருங்கள். அப்பொழுதும் அவள் வேண்டாமென்றால் ஓலையை விட்டுவிடுவதே முறை. வீடு அவளுக்காகத்தானே அலங்கரிக்கப்படுகிறது!

மன்னாரிலே ஓலையை வறுமையின் சின்னமாக மட்டும் கண்டவர்கள் முன்னாளில் இலர். குருத்தோலை ஞாயிறன்று கத்தோலிக்க வீடுகளில் ஓலைச் சிலுவை இழைத்துக் கதவு நிலையில் செருகுவர். கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டுவர். பாயும் பெட்டியும் இல்லாத முஸ்லிம் வீடும் இருந்ததில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போன குடும்பங்கள் தம்முடைமையில் மிகப் பெரும்பகுதியை விட்டுச் செல்ல நேர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல அதே ஆண்டில் வள்ளமேறி மண்டபம் போயின. வீட்டுச் சாமான் என்பது எத்தனை தடவை கைவிட்டுப் போகக்கூடியது என்பதை இக்கரைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இழைக்கத் தெரிந்த கைகளோ போனவிடத்திலும் கூடவே இருந்தன.

இனிச் சுவரைக் கவனிப்போம். அரிப்பிலே கடலோரத்தில் 'டொறிக்' என்று வழங்கும் பாழடைந்த மாளிகையொன்று உண்டு. ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கத் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. செங்கல்லால் எழுப்பிய அந்த மாளிகைக்குப் பளிங்கு போன்ற பொலிவைக் கொடுத்தது சீமையிலிருந்து இறக்கிய பொருளன்று. இக்கரைச் சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்துதான். இன்று கடல் அதை மெல்ல மெல்லத் தின்று வருகிறது. அது நிற்க, ஆளுநர் மாளிகைக்குத் தகுந்த சுண்ணாம்பு நமது முன் மண்டபத்துக்குத் தகாதா?

சாந்து பூசாத கற்சுவருக்கு நேராகவே சுண்ணாம்பு அடிக்கலாம். கல்லின் வரிகள் வெண்மைக்குள் மங்கலாகத் தெரிவது ஓர் அழகே. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் என்பது கணக்கு. நீறாத கற்சுண்ணாம்பு கிடைத்தால் தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் முன்னதாக வைத்து, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதிலே இடவேண்டும். அது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள். ஓரிரவு ஊறவிட்டு, பழஞ்சீலையில் வடித்து, சோறு வடித்த கஞ்சி கொஞ்சம் கலந்தால் உடையில் ஒட்டாது. வெண்மை எடுப்பாக இருக்க, துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை போதும். சிலர் உப்பும் சேர்ப்பர். காற்றே உப்பாக வீசும் நமது கரையில் அது வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும். சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் மற்றது என்று அடிக்க வேண்டும். தடிப்பாக ஒரே முறையில் அடித்தால் பொருக்கு வெடிக்கும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அதே சுண்ணாம்பில் காவி கலந்து ஒரு பட்டை போட்டுவிட்டால், காற்று அள்ளிவரும் மணலும் பிள்ளைகளின் காலடியும் தெரியமாட்டா.

அடுத்தது இருக்கை. இப்பொழுது கடலுக்குப் போவன பெரும்பாலும் கண்ணாடி நாரிழைப் படகுகளே. பழைய மர வள்ளங்கள் உடைந்து கரைகளிலே கிடப்பதைக் காணலாம். உடையவரைக் கேட்டு நல்ல பலகை இரண்டு வாங்கினால் மண்டபத்தின் ஓரமாகச் சுவரோடு ஒரு நீண்ட வாங்கு அமைக்கலாம். துருப்பிடித்த ஆணிகளையெல்லாம் கழற்றி, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, நிழலில் இரண்டு வாரமாவது காயவிட்டு, பின்னர் அரத்தாள் பிடித்து வார்னிஷ் பூசவேண்டும். வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயே மரத்துக்கு நல்லது என்று கணவர் சொல்லக்கூடும். மரத்துக்கு நல்லதாயினும் மாப்பிள்ளை வீட்டாரின் மூக்குக்கு நல்லதன்று!

மகள் சம்மதித்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டு ஓலைக்கு வருவோம். மாமிக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாசிக்கும் மாணவியருக்காக எழுதுகிறோம். வேலி அடைக்கும் முற்றிய ஓலை இதற்கு உதவாது. வட்டில் குருத்தை அடுத்து நிற்கும் இளம் ஓலை, சார்வோலை என்பது, அதுவே வேண்டும். பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். ஆகையால் ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டினால் மரம் இளைக்கும். பல மரங்களில் ஒவ்வொன்றாக எடுப்பதே ஒழுங்கு. வெட்டிய ஓலையை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டால் பச்சை மஞ்சள் போய் வெள்ளையாகும். மழை படக்கூடாது, பட்டால் கரும்புள்ளி விழும். காய்ந்ததும் ஈர்க்கை நீக்கி, வார்களை ஒரே அகலமாகக் கிழிக்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் தோற்பது இழைப்பிலன்று, கிழிப்பிலே. ஒரு வார் கால் விரல் அகலமும் மற்றது அரை விரல் அகலமுமாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரியாலும் கோணாமல் இழைக்க முடியாது. இழைக்குமுன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை வளைந்து கொடுக்கும்.

சாயமிட, கடையில் விற்கும் சாயப்பொடியைக் கொதிநீரில் கரைத்து வார்களை அதிலே அரைமணி நேரமளவு அவித்துப் புரட்டி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். அந்தப் பானையைத் திரும்பக் குசினிக்குள் எடுக்காதீர்கள். இரண்டு நிறங்களுக்கு மேல் வேண்டாம் என்பது நமது கருத்து. கடைகளில் ஐந்தாறு நிறங்களைக் கலந்து விற்கும் பெட்டிகள் தூரத்தில் கண்ணைப் பறிக்கின்றன. வீட்டுக்குள் வந்ததும் கண்ணைக் குத்துகின்றன.

எதை இழைப்பது? யன்னலுக்குத் தட்டிகள், வாங்கின்மேல் விரிக்க ஒடுங்கிய நீள்பாய் ஒன்று, ஆறேழு தடுக்குகள், இவ்வளவே போதும். வாடைக் காற்றுத் தட்டியை அடித்துப் பறக்கவிடாமல் கீழ் விளிம்பை நாரால் பொத்தி, உள்ளே மூங்கிற் சிம்பு ஒன்றைச் செருகிவிடுங்கள். கதவுக்குப் பழைய பருத்திச் சேலையைத் திரைச்சீலையாகத் தைக்கும்போது, மடிப்புக்குள் சோகிகளை இட்டுத் தைத்தால் சீலை பாரமாகத் தொங்கும். வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டுகளை இதற்கு இடும் வழக்கத்தை விடவேண்டும். சிறு பிள்ளைகள் வாயில் வைத்தால் ஈயம் நஞ்சு. சோகியும் மட்டியும் கரையில் ஒதுங்கிய வெறும் ஓடுகளாக இருக்கட்டும். விடத்தல்தீவுக் கடலோரம் 2016இலும், ஆதாம் பாலத் தீவுத்திடல்கள் 2015இலும் காப்பிடங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அவ்விடங்களில் ஒன்றையும் பொறுக்காதீர்கள். பவளப்பாறைத் துண்டு எவ்விடத்திலும் வேண்டாம்.

கூரையில் தொங்கும் மின்விளக்குக்குச் சின்னப் பெட்டியொன்றைக் கவிழ்த்து மாட்டினால் ஓலைக்கண் வழியே ஒளி சுவரெல்லாம் சிதறும். வெண்சுவர் இருப்பதால் அது இரட்டிப்பு அழகு. ஆனால் சூடேறாத எல்இடி குமிழுக்கு மட்டுமே இது ஆகும். ஓலைக்கும் குமிழுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியும் இருக்க வேண்டும். சகோதரியின் வீட்டில் இன்னும் பழைய குமிழானால் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

பத்து வாரம் என்பது நிறையப் போலத் தோன்றும். ஓலை வெட்டிக் காயவைத்துக் கிழித்துச் சாயமிடவே இரண்டு வாரம் ஓடிவிடும். மாமியின் கண்பார்வை எப்படி என்று சகோதரி எழுதவில்லை. இரவில் இழைக்க விடாதீர்கள். சுண்ணாம்பை ஐந்தாம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வாங்குப் பலகையை இன்றே தேடத் தொடங்குங்கள். சுண்ணாம்பு, காவி, சாயப்பொடி, வார்னிஷ், அரத்தாள், ஆணி எல்லாவற்றையும் வாங்கிய பின்னும் அந்த 20,000 ரூபாவில் கணிசமான தொகை மிஞ்சவேண்டும். அது பலகாரத்துக்கு உதவும்.

இழைக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இல்லாத வாசகியர் பலர் இருப்பர். பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. பனையோலைக் கைப்பணியும் அதன் அக்கறைகளுள் ஒன்று. ஆயினும் அயல் வீட்டு ஆச்சியொருத்தியின் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பழகுவதற்கு ஈடான வகுப்பு வேறில்லை என்றே நினைக்கிறோம்.

கடிதத்தின் ஓரத்தில் சகோதரி சின்ன எழுத்தில் இன்னுமொன்று கேட்டிருக்கிறார்: நடு மேசைக்குப் பிளாஸ்டிக் பூ வாங்கலாமா? வேண்டாம். கழுவிய கண்ணாடிப் போத்தலொன்றில் குருத்தோலையில் மடித்த கிளி இரண்டும் வேப்பங்கொத்து ஒன்றும் வையுங்கள். கிளி மடிக்க மாமிக்குத் தெரிந்திருக்கும். மகளையே மடிக்கச் சொல்லுங்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் நமக்கொரு வரி எழுதவேண்டும், சகோதரி. மேசைமேல் வைத்த அந்தத் தடுக்கை மகள் என்ன செய்தாள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.