உண்ணிக் காய்ச்சல்: 70 வளைவு இறங்கும் முன்பே மாத்திரை!

சாதாரணக் காய்ச்சல்தானே என்று ஒரு வாரம் விட்டால் போச்சு! மூச்சுத் திணறல், கிட்னி கோளாறு, மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று வரிசையாக வந்து நிற்கும்.

பெயர் ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் பொடி உண்ணி கடித்து வருவது. மிளகு பறிக்க, களை வெட்டப் போகும் கொல்லிமலைக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டிய காய்ச்சல். அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்புப் புண் இருந்தால் குட்டு உடைந்தது! ஆனால் எல்லோருக்கும் புண் இருக்காது.

முற்றிப்போனால் என்ன வைத்தியம்? வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்நின்று, 7 ஆஸ்பத்திரிகளில் சுமார் 800 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2023-ல் முடிவு சொன்னார்கள். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின், ஒன்றை மட்டும் நரம்பில் ஏற்றியவர்களில் 100-க்கு 47, 48 பேருக்கு சாவு, தீராத சிக்கல், விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று. இரண்டையும் சேர்த்து ஏற்றியபோது 33 பேர்தான். ஆனால் சாவை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை!

மூச்சு வாங்கும் ஆளை 70 கொண்டை ஊசி வளைவு இறக்குவது லேசான காரியமா? ஆரம்பத்தில் வேண்டியது சொற்ப விலை டாக்சிசைக்ளின் மாத்திரைதான். சந்தேகம் வந்தாலே, ரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் தொடங்கலாம். செம்மேடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் "புதர்க்காட்டில் வேலை செஞ்சேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிடணும்.