நான் வெளியேற்றிய ஆட்டக்காரன்

2013 இல் வன்னியில், பரந்தனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழு பேர் கொண்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்தது. போரில் இறந்துபோன சகோதரர்கள் இருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம். நான்தான் நடுவர். இரண்டாம் பாதியில் ஓர் அணிக்கு ஆள் குறைந்தது, மாற்று ஆட்டக்காரரும் இல்லை. அதுவரை கோட்டோரம் நின்று, வெளியே வரும் பந்துகளைத் திருப்பி உதைத்துக்கொண்டிருந்த ஒரு பெடியன் இரண்டு ஊன்றுகோல்களோடு உள்ளே வந்துவிட்டான். இடது கால் முழங்காலுக்கு மேலேயே போயிருந்தது. சனம் கைதட்டியது. நான் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன்.

"தம்பி, வெளியால போ. கட்டையோட விளையாட ஏலாது."

"ஏன் சேர்? நான் பந்தைக் கையால தொடேல்லையே."

நான்காம் விதியைச் சொன்னேன். ஆபத்தான எந்தப் பொருளையும் ஆட்டக்காரர் அணியவோ பாவிக்கவோ கூடாது. அவன் மறுத்துப் பேசவில்லை. போகிற வழியில் ஒரு பந்து கிடந்தது. இரண்டு ஊன்றுகோல்களையும் நிலத்தில் குத்தி, உடம்பை ஊஞ்சல் மாதிரி முன்னுக்கு வீசி ஓர் உதை விட்டான். பந்து தாழ்வாகப் போய் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அன்று விளையாடிய பதின்மூன்று பேரில் அப்படி உதைக்கக்கூடியவர் இரண்டு பேர்கூட இருக்கவில்லை.

விதிப்படி நான் செய்தது சரி. அந்த ஆட்டத்தில் இன்றைக்கும் அப்படித்தான் ஊதுவேன். ஆனால் அவன் விளையாடுவதற்கென்றே ஓர் உதைபந்தாட்டம் உலகத்தில் இருக்கிறது, அதற்குத் தனி விதிக்கோவை இருக்கிறது என்பது இருபது வருடம் விசில் ஊதிய எனக்கே அன்று தெரியாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெரியவந்தது 2022 ஒக்ரோபரில். லண்டனில் இருக்கும் மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். இஸ்தான்புல் நகரில் நடந்த, கால் கை இழந்தோருக்கான உலகக் கிண்ண இறுதிப்போட்டி. துருக்கி 4–1 என்று அங்கோலாவை வென்றது. முதல் தடவை கோல்களைப் பார்த்தேன். இரண்டாம் தடவை நடுவரைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

விதிகளைப் படிக்கப் படிக்க, இது எங்கள் ஊருக்காகவே யாரோ எழுதியதுபோல இருந்தது. அணிக்கு ஏழு பேர். வெளியே ஆடும் ஆறு பேரும் ஒரு காலில், இரண்டு ஊன்றுகோல்களோடு. செயற்கைக்காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஊன்றுகோலால் வேண்டுமென்று பந்தைத் தட்டினால் அது கையால் தட்டியதற்குச் சமம். காலின் மிச்சப் பகுதியால் தட்டினாலும் அப்படித்தான். கோல் காப்பவர் ஒரு கை இழந்தவர். அவர் தன் எல்லைப் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. ஓஃப்சைட் கிடையாது. பாதிக்கு 25 நிமிடம். மைதானம் 60 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலம் இருந்தால் தாராளம். வன்னியில் அந்த அளவு இடமில்லாத பாடசாலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஆட்டம் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பிறந்தது. ஒரு காலை இழந்த டொன் பெனற் என்பவர், தன் பக்கம் உருண்டு வந்த கூடைப்பந்தை ஊன்றுகோல்களில் நின்றபடி உதைத்துப் பார்த்ததுதான் ஆரம்பம் என்று சொல்வார்கள். நான் வெளியேற்றிய பெடியன் கோட்டோரம் நின்று செய்துகொண்டிருந்ததும் அதேதான். அங்கே அதிலிருந்து ஓர் ஆட்டம் பிறந்தது, இங்கே நான் விசில் ஊதினேன்.

இந்த ஆட்டத்தில் கெட்டிக்கார நாடுகளின் பெயர்களைப் பாருங்கள். 2018 இல் மெக்சிக்கோவில் உலகக் கிண்ணத்தை வென்றது அங்கோலா. 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்த நாடு, மிதிவெடி விதைக்கப்பட்ட நாடு. சியரா லியோனின் பிரீடவுன் நகரில், போரில் கால்கள் வெட்டப்பட்டவர்கள் 2001 இலேயே ஒற்றைக்கால் கழகம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் இருந்ததும் ஒரு முகாமில்தான். 2009 இல் மனிக் பாம் அகதி முகாமில் தகரக் கொட்டகைகளுக்கும் கூடாரங்களுக்கும் நடுவே பிளாஸ்ரிக் பந்தை விரட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு ஓடிய சின்னன்களை நானும் பார்த்தேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வரிசைக்குப் போய்விட்டேன்.

வன்னியில் கால் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் ஆள் தெரியும். முகமாலை முன்னரங்கில் மிதிவெடி மிதித்தவர், விறகுக்குப் போய் மிதித்தவர், மீள்குடியேறிக் காணி துப்பரவாக்கும்போது மிதித்தவர், 2009 இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எறிகணையில் இழந்தவர். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். நிலத்தைத் துப்பரவாக்கி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். நிலத்துக்குக் கெடு வைத்திருக்கிறோம். அந்த நிலம் தின்ற கால்களுக்குச் சொந்தக்காரர்கள் விளையாடுவதற்கு ஒரு கெடுவும் இல்லை.

விளையாட்டே இல்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். டிசம்பர் 3 ஆம் திகதி, மாற்றுத்திறனாளிகள் தினம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் அழைக்கப்பட்டுப் போயிருக்கிறேன். பந்தல், மங்கள விளக்கு, வரவேற்புரை, பலூன் உடைத்தல், சங்கீதக் கதிரை. ஒரு காலத்தில் பாடசாலை அணிக்கு முன்வரிசையில் ஆடிய நாற்பது வயது மனிதனைத் தேசிக்காயும் கரண்டியுமாக நடக்கவிட்டு, கடைசியில் உலர் உணவுப் பொதியைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். பொதி தேவைதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் தோற்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வந்த எல்லோருக்கும் பரிசு. தோற்க முடியாத இடத்தில் விளையாடுவது எப்படி? ஒரு தடவை ஒருவர் என் காதில் சொன்னார்: "சேர், என்னை ஒருக்கா ஆராவது விழுத்திப்போட்டு ஃபவுல் வாங்கட்டும் பாப்பம்."

அவரையும் இன்னும் பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டு 2023 இல் ஒரு பாடசாலை மைதானத்தில் ஞாயிறு காலைகளில் பயிற்சி தொடங்கினேன். முதல் நாள் செயற்கைக்கால் போட்டிருந்தவர்கள் அதைக் கழற்றி, வகுப்பறைச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்தார்கள். ஒன்பது கால்கள். சிலதில் செருப்பு, ஒன்றில் நல்ல கறுப்புச் சப்பாத்தும் சொக்ஸும். கோயிலுக்குப் போட்டுப் போகிற காலாம். ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. சிரித்துச் சிரித்தே முதல் பத்து நிமிடம் போனது.

பிறகுதான் தெரிந்தது எங்கே இடிக்கிறது என்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோல் அக்குளில் வைப்பது. அதில் நடக்கலாம், ஓடினால் அக்குள் நோகும், கை விறைக்கும். விளையாட்டுக்கு வேண்டியது முழங்கைக்குக் கீழே வளையம் பிடிக்கிற, பாரம் குறைந்த அலுமினிய ஊன்றுகோல். அது எங்களிடம் இரண்டு சோடிதான் இருந்தது. மைதானமோ கிரவல். ஊன்றுகோல் அடியில் இருக்கும் றப்பர் மூடி சில கிழமைகளில் தேய்ந்து, உலோகம் வெளியே எட்டிப் பார்த்தது. அதோடு கிரவலில் ஓடினால் வழுக்கும். மாரி தொடங்கியதும் வேறு கதை. களியில் ஊன்றுகோல் ஒரு சாண் இறங்கும், பந்து போகும், ஆள் நிற்பார். உள்ளங்கையில் கொப்பளம் வந்து உடைந்தது. சைக்கிள் ரியூபை வெட்டிப் பிடியில் சுற்றினோம். அது நல்லாய் வேலை செய்தது.

ஓடுகிறபோது அவர்கள் ஓடுவதில்லை, பாய்கிறார்கள். இரண்டு ஊன்றுகோல்களும் முன்னே குத்த, கால் அவற்றைத் தாண்டிப் போய் விழ, மறுபடி ஊன்றுகோல். டக்-டக்-தொம், டக்-டக்-தொம் என்று ஒரு தாளம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பந்துக்குப் பாய்ந்தால் மைதானம் மேளச்சமா மாதிரி இருக்கும். விசிலை இன்னும் பலமாக ஊதப் பழகினேன்.

இரண்டாம் மாதம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். யார் இவர்கள், யார் கூப்பிட்டது, காசு எங்கேயிருந்து என்று கேட்டார்கள். காசு இருந்தால் ஊன்றுகோல் வாங்கியிருப்போமே என்றேன். அடுத்த கிழமை மூன்று பேர் வரவில்லை. ஒற்றைக்கால் ஆண்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் வன்னியில் இப்போதும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. மிச்சப் பேரைக் கூலி வேலையும் விசுவமடுவிலிருந்து பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய காசும் பிரித்தன. ஐந்து மாதத்தோடு நின்றது.

உதவி கேட்டு ஒரு பிரதேச செயலகத்துக்குப் போனேன். விளையாட்டு உத்தியோகத்தர் நல்ல மனிதர். "சேர், இது சமூக சேவைப் பக்கம்" என்றார். அடுத்த மேசைக்குப் போனேன். "விளையாட்டு எண்டால் அவரிட்டத்தான் கேக்கவேணும்." இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு பத்து அடி இருக்கும். கால் போனவர் என்றவுடன் அவர் உதவி பெறுபவர் ஆகிவிடுகிறார், ஆட்டக்காரர் என்ற கோப்பிலிருந்து அவருடைய பெயர் எடுபட்டுவிடுகிறது. ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன், கோப்பு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்புச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. ஐ.நா. சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்டது, அதன் 30 ஆவது உறுப்புரை விளையாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இவ்வளவும் இருக்க, நான் ஊதிய மைதானங்கள் பலவற்றில் உடை மாற்றும் அறைக்கு மூன்று படி ஏற வேண்டும், கழிவறையில் குந்தித்தான் இருக்க வேண்டும். செயற்கைக்காலோடு குந்திப் பாருங்கள்.

இந்த நாட்டுக்கு இது செய்யத் தெரியாது என்றும் இல்லை. இராணுவம் காயப்பட்ட தன் வீரர்களுக்கு முறையாகப் பயிற்சியும் போட்டியும் நடத்துகிறது. அங்கிருந்து வந்தவர்தான் தினேஷ் பிரியந்த ஹேரத். 2021 ஓகஸ்ட் 30 இல் டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து இலங்கைக்கு முதல் பரா ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்தார். அன்று நான் மனதாரக் கைதட்டினேன். காயத்துக்குப் பிறகு ஒரு மனிதனுக்குப் பயிற்சியாளரும் மைதானமும் நாட்காட்டியும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதே மூன்றும் போரின் மற்றப் பக்கத்தில் காயப்பட்டவர்களுக்கும், எந்தப் பக்கத்திலும் நில்லாமல் காயப்பட்ட சனத்துக்கும் வேண்டும்.

உதைபந்து ஒற்றைக்கால்காரருக்கு மட்டும் உரியதில்லை. வள்ளிபுனம் இனிய வாழ்வு இல்லத்தில் வளர்ந்ததுபோன்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு வேண்டியது மிகச் சின்ன விஷயம்: நடுவர் விசிலோடு ஒரு கொடியையும் தூக்க வேண்டும். அவ்வளவுதான். பார்வையற்றோர் ஆட்டம் 2004 முதல் பரா ஒலிம்பிக்கில் இருக்கிறது. உள்ளே சலங்கை போட்ட பந்து, பந்தை மறிக்கப் போகும்போது "வோய்" என்று குரல், பார்வையுள்ள கோல் காப்பாளர், சத்தம் போடாத பார்வையாளர்கள். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் ஊரில் கஷ்டம். முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கு மின்சாரச் சக்கரநாற்காலி உதைபந்தும் இருக்கிறது, அந்த நாற்காலியின் விலையை நினைத்தால் இப்போதைக்குப் பேசி ஆசை காட்டாமல் இருப்பதே நல்லது. பெண்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் பயிற்சிக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. நான் ஒருவரையும் கூப்பிடவும் இல்லை.

கழகங்களிடம் கேட்கிறேன், வன்னி மாவட்டங்களின் உதைபந்தாட்ட லீக்குகளிடமும் கேட்கிறேன். டிசம்பர் 3 ஆம் திகதியை விடுங்கள். நீங்கள் நடத்தும் ஞாபகார்த்தக் கிண்ணங்களின் நோட்டீசில் இன்னுமொரு வரி சேருங்கள்: ஒற்றைக்கால் அணிகள் இரண்டு, வெல்பவருக்கு ஒரு கிண்ணம், தோற்பவருக்கு ஒன்றும் இல்லை. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் ஜேர்சியும் கேடயமும் அனுப்புகிறார்கள். இந்த வருடம் ஜேர்சிக்குப் பதிலாக முழங்கை ஊன்றுகோல் பதினான்கு சோடியும், தேயத் தேய மாற்ற றப்பர் மூடிகளும் அனுப்புங்கள். ஆட்டக்காரருக்குப் பஸ் காசு கொடுங்கள். நடுவருக்குக் கொடுக்கிறீர்கள்தானே.

எனக்குக் காசு வேண்டாம். உங்கள் இறுதிப்போட்டி நாலரைக்கு என்றால் மூன்றேகாலுக்கு மைதானத்தை எங்களிடம் தாருங்கள். சுண்ணாம்புக் கோட்டை நானே போடுகிறேன். 2013 இல் நான் வெளியே அனுப்பிய தம்பி இதை வாசித்தால், எந்த ஊரில் இருந்தாலும், கிழமை நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கரடிப்போக்குச் சந்தி தேத்தண்ணிக் கடையில் நான் இருப்பேன்.