சொல்லுக்கு ஒரு பொறுப்பாளர்

2024 செப்டம்பரில் அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அந்தப் புதிய பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிடலாம். ஸகர மெய்யோடு ரீ சேர்ந்து ஒரு ஸ்ரீ. 2005இல் யூனிகோடில் இடம்பெற்ற ஶகர மெய்யோடு ரீ சேர்ந்து இன்னொரு ஶ்ரீ. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு அவை வேறு வேறு. ஒன்றைத் தட்டித் தேடினால், மற்றதில் எழுதிய பக்கம் அகப்படாமல் போகலாம். ‘பௌதிகம்’ என்ற சொல்லையும் இப்படித்தான் பலர் எகரக் கொம்பும் ளகரமும் போட்டுப் ‘பெளதிகம்’ என்று தட்டிவிடுகிறார்கள். வாசிக்கும்போது பிழை தெரியாது. தேடும்போது சொல் இருந்தும் இல்லை என்றாகிவிடும்.

அச்சு அகராதியில் இந்தத் தொல்லை கிடையாது. இணைய அகராதியில் உண்டு. தகவல் தொழில்நுட்பக் கலைச்சொற்களை இணையத்தில் தேடும் எவரும் இதைக் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன் நம் கலைச்சொல் பட்டியல்கள் பலவும் ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சானவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு தேடியது. பிறகு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியபோது கால் ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்தது, ஒற்றுப் புள்ளிகள் உதிர்ந்தன. அந்தப் பிழைகளோடு ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுத்தார்கள். பத்துத் தளங்களில் ஒரே பிழை இருந்தால், அதுவே சரி என்று புதிதாக வருபவர் நினைப்பதில் வியப்பில்லை.

தமிழில் கலைச்சொல் ஆக்குவோருக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பத சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கென்று ஓர் இதழும் நடத்தினார்கள். சிற்றிதழ் நடத்துகிற எங்களுக்கு அது நெருக்கமான முன்னோடி. மணவை முஸ்தபா தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கலைச்சொல்லுக்கே கொடுத்தார். கணினிக்கென்றே தனி அகராதி செய்தார். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. அது தொகுத்து வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கலைச்சொற்கள் 2010 கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டிய காலத்தில் தமிழ் விக்சனரி என்னும் இணைய அகராதிக்குக் கொடையாகக் கிடைத்தன. தன்னார்வலர்கள் நிரல் எழுதி அவற்றை ஏற்றினார்கள். இணையத் தமிழுக்குக் கிடைத்த பெரிய கொடைகளில் அது ஒன்று என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆனால் ஏற்றியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நாம் எல்லோரும் நினைத்துவிட்டோம். உண்மையில் அங்கேதான் தொடங்கியது. பல பதிவுகளில் ஆங்கிலச் சொல், துறை, தமிழ் நிகர்ச்சொல் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. அந்தச் சொல்லை யார், எங்கே, எப்போது பயன்படுத்துகிறார்கள் என்பது தெரிவதில்லை. வரையறையும் எடுத்துக்காட்டு வாக்கியமும் இல்லாத இடங்கள் ஏராளம்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். அல்காரிதத்துக்கு ‘நெறிமுறை’ என்று பாடநூலில் படிக்கிறோம். இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதற்கான புரோட்டோகாலுக்கும் ‘நெறிமுறை’ என்றே எழுதுகிறோம். முதலாவதைப் ‘படிமுறை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ‘வழிமுறை’ என்பவர்களும் இருக்கிறார்கள். அகராதி இதில் எதை விலக்கும்? எதையும் விலக்க வேண்டியதில்லை. ‘நெறிமுறை’ என்ற பதிவுக்குள் இரண்டு பொருளையும் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த நூலில் எந்த ஆண்டில் அப்படி வந்தது என்று காட்டி, ஒரு வாக்கியம் கொடுத்தால் போதும். படிக்கிற பிள்ளை தானே தெரிந்துகொள்ளும். இந்த ஒரு பதிவை ஒழுங்காகச் செய்ய ஓர் ஆளுக்கு அரை நாள் பிடிக்கும். இப்படிப்பட்ட அரை நாட்களுக்குத்தான் நம்மிடம் ஆளும் இல்லை, நிதியும் இல்லை. தளத் தொடக்க விழாவுக்கு இரண்டும் கிடைத்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் ஃபோல்டாக் என்றொரு கணினிச் சொல் அகராதி இருக்கிறது. 1985இல் டெனிஸ் ஹவ் என்பவர் தொடங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணினிகளில் வளர்ந்தது. உலகெங்குமிருந்து சொற்களும் திருத்தங்களும் வரும். ஆசிரியர் பார்த்துச் சேர்ப்பார். அதில் எங்களைக் கவர்ந்தது, விளக்கங்களின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதி இருப்பது. 1990களில் எழுதிய விளக்கம் என்று தெரிந்தால் வாசகர் அதற்கேற்ற எச்சரிக்கையோடு படிப்பார். தேதி போடுவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. செய்கிற வேலைக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழிலும் அப்படி ஒருவர் இருந்தார். ‘க்ரியா’ எஸ். ராமகிருஷ்ணன் தற்காலத் தமிழ் அகராதியை 1992இல் கொண்டுவந்தார். 2008இல் திருத்தி விரித்தார். 2020இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கொரோனாவுக்கு அவரை இழந்தோம். மக்கள் எழுதுவதையும் பேசுவதையும் சேகரித்து, அதிலிருந்து பொருள் எழுதி, மாறியதை மாற்றி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒரே அகராதியின் பக்கத்திலேயே இருந்தார். கணினிச் சொற்கள் மற்றச் சொற்களைவிட வேகமாக மூப்படைகின்றன. ஃப்ளாப்பி வழக்கொழிந்தது, மேகக் கணிமை வந்தது. இவற்றுக்கு முப்பது ஆண்டுகளில் மூன்று பதிப்பு போதாது, மாதந்தோறும் கவனிப்பு வேண்டும்.

அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் இருந்துகொண்டு இதை எழுத எங்களுக்குத் தனிக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ஆக, இங்கே இரு கரைத் தமிழும் உண்டு. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ‘தகவல் தொழில்நுட்பம்’ என்றும் ‘கணினி’ என்றும் வருகிறது. இலங்கைப் பாடநூலில் ‘தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்’. இலங்கை இதழ்களில் ‘கணனி’யையும் பார்க்கலாம். இரண்டும் சரி. ஒன்றைப் பிழை என்று திருத்துகிற அகராதியை நாங்கள் நம்ப மாட்டோம். எது எந்த ஊர் வழக்கு என்று குறித்திருக்கிற அகராதியே இந்த வகுப்பறைகளுக்கு உதவும்.

இன்னொரு காரணம், கேபிள். சென்னையிலிருந்து இந்தத் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி இழை 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு பக்கம் திறக்கக் காத்துக் கிடந்தவர்கள் நாம். இழை இறங்கிய இடங்களின் பட்டியலில் ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், ஹட் பே, கார் நிகோபார், கமோர்ட்டா, கேம்பல் பே உண்டு. கச்சால் இல்லை. ஆகவே இணைய அகராதி என்பது இணையம் இல்லாதபோதும் திறக்க வேண்டும். ஒரு லட்சம் சொல் கொண்ட எழுத்துக் கோப்பு, கைப்பேசியில் எடுத்த சில நிமிட வீடியோவைவிடச் சிறியது. அதைப் பதிவிறக்கிக்கொள்ளத் தடையில்லாத உரிமத்தில் தர வேண்டும். இன்று மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் செயற்கை நுண்ணறிவும் இதே பட்டியல்களிலிருந்து கற்கின்றன என்பதால், பிழையான ஒரு பதிவு இனி பத்துத் தளங்களோடு நிற்காது.

எந்த அரசுத் தளமானாலும், எந்தக் குழுவின் முயற்சியானாலும், நாங்கள் கேட்பது நிலையான பதவியில் சம்பளத்தோடு சில பதிப்பாசிரியர்கள். ஒரு வாசகர் பிழையைச் சுட்டினால், குறித்த காலத்துக்குள் ஏற்கவோ காரணம் சொல்லி மறுக்கவோ அவர்களுக்குக் கடமை இருக்க வேண்டும். விக்சனரியில் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. அந்த வெளிப்படைத்தன்மை அரசுத் தளங்களுக்கும் வர வேண்டும்.

அதுவரை எங்களால் முடிந்தது இது. ரங்கத், ஹட் பே, கச்சால் என்று எங்கிருந்தாலும், தமிழில் கணினி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் வகுப்பில் தட்டுப்பட்ட சொற்களை, எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்ற விவரத்தோடு எழுதி அனுப்பலாம். அஞ்சலட்டை போதும். ஆதாரமும் தேதியும் சேர்த்து அவற்றை விக்சனரியில் ஏற்றும் பொறுப்பை இவ்விதழ் ஏற்கிறது. ஏற்றியவற்றின் பட்டியலும், மற்றவர்கள் சுட்டிய திருத்தங்களும் அடுத்த இதழ் முதல் பின்னட்டையின் உட்பக்கத்தில் வரும்.