மஞ்சள் மருந்துதான், நீங்கள் அனுப்பும் வொய்ஸ் மருந்தில்லை



ரெண்டு கிழமையாக ஊர் குரூப்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. சீனி வருத்தக்காரரின் கால் புண்ணுக்கு மஞ்சளைக் குழைத்துக் கட்டினால் போதுமாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலைக் கழற்றிவிடுவார்களாம். இது "நம்மட மூத்தவங்கட வைத்தியமாம்". கேட்டவரெல்லாம் மாஷா அல்லாஹ் போட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளுகிறார்கள்.

மூத்தவர்களை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? நாம் பெருமை பேசும் யூனானியையே எடுங்கள். அதில் மஞ்சள் சூடும் வறட்சியும் உள்ள சரக்கு. ஒவ்வொரு சரக்குக்கும் அளவு என்ன, அது செய்யும் கேடு என்ன, அந்தக் கேட்டை முறிக்கும் முஸ்லிஹ் என்ன என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளின் மிஸாஜ் பார்க்காமல் ஹக்கீம் மருந்து கொடுப்பதில்லை. ஆயுர்வேதத்தில் சீனி வருத்தத்துக்கு மஞ்சளும் நெல்லியும் சேர்த்துக் கொடுப்பது உண்மைதான், பத்தியத்தோடு. சீனர்கள் இன்னும் நுணுக்கம். மஞ்சள் கிழங்கு அவர்களுக்கு ஜியாங் ஹுவாங், வேரில் திரளும் முடிச்சு யூ ஜின். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி. ஜியாங் ஹுவாங் தோள் வலிக்குக் கொடுப்பது, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க யோசிப்பார்கள். இந்தோனேசியப் பெண்கள் மஞ்சளும் புளியும் சேர்த்த ஜாமுவை மாதவிடாய் வலிக்குக் குடிக்கிறார்கள்.

இதில் எங்கே இருக்கிறது "எல்லாருக்கும் எல்லாத்துக்கும் மஞ்சள்"? நாம் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்கும் மரமஞ்சள், அதுதான் வெனிவெல், மஞ்சள் இனமே இல்லை, அது காட்டுக் கொடி. அதையே பிரித்தறியாதவர்கள் வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள்.

புண்ணுக்கு மஞ்சள் பூசுவது பழைய வழக்கம், மறுக்கவில்லை. 1995இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையே கொடுத்தார்கள். இந்தியா பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்துச் செய்ய வைத்தது. அதனால் உறுதியானது வழக்கம் பழையது என்பது மட்டும்தான். சீனிக்காரரின் காலுக்கு மஞ்சளே போதும் என்று அங்கே உறுதியாகவில்லை.

அந்தக் கால் வேறு கதை. நரம்பு பழுதானதால் வலி தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவு. மேலே மஞ்சள் காய்ந்து பொருக்காக நிற்கும், உள்ளே சீழ் எலும்பு வரை போகும். தோல் கறுப்பதைக்கூட அந்த மஞ்சள் நிறம் மறைத்துவிடும். நாற்றம் வந்த பிறகு வாட்டுக்குக் கொண்டுபோனால் டொக்டர் என்ன செய்வார்? முதல் நாளே போனால் கழுவி மருந்து கட்டி அனுப்பியிருப்பார்கள். பிந்திப் போனதால் போன காலுக்கு ஆஸ்பத்திரியைக் குற்றம் சொல்கிறோம்.

பூசுவது சுத்தமான மஞ்சளா என்பது அடுத்த கேள்வி. 2020இல் மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மாவு கலந்த தூள் நம் நாட்டுக் கடைகளில் பிடிபட்டதை மறந்துவிட்டீர்களா? பங்களாதேஷில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயமே போட்டிருந்தார்கள்.

கறிக்குப் போடுங்கள், தடிமனுக்குப் பாலில் கலந்து குடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. வாப்பாவின் காலில் சின்னக் கொப்புளம் என்றாலும் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அந்த வொய்ஸில் பேசுபவர் எந்த ஹக்கீமிடம் படித்தார் என்று, உங்களுக்கு அனுப்பியவரிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள்.