தூக்கின கை

செம்பட்டி நான்கு ரோட்டை நேயர்கள் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். மதுரையிலிருந்து பழனிக்குப் போகிறவர்களும், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகிறவர்களும் கடக்கிற இடம். அங்கேதான் சென்ற கார்த்திகையில் ஒரு குட்டி நாய் லாரியில் அடிபட்டது. பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த என் மைத்துனர் அதைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஜாதி நாய் என்று நினைத்துவிடாதீர்கள். 2005ல் இராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். அந்தக் கௌரவமெல்லாம் இதற்கு ஏது? சாதாரணத் தெரு நாய், ஆறு மாதக் குட்டி. பெயர் மணி. தொடை எலும்பு முறிந்திருந்தது. கால்நடை டாக்டர் உள்ளே கம்பி வைத்துச் சேர்த்துவிட்டு, "இனி வைத்தியம் உங்கள் கையில்தான். தினம் பல தடவை முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுங்கள். விட்டால் தொடைத் தசை விறைத்துக் கால் கட்டையாகிவிடும். வளருகிற குட்டிக்கு அது சில வாரத்திலேயே வரும்; வந்தால் திருப்புவது கஷ்டம்" என்றார்.

மடக்கி நீட்டுவதாவது! மைத்துனர் கிட்டே போனாலே மணி சுவரோடு ஒட்டிக்கொண்டு உறுமிற்று. பிடித்து அமுக்கிப் பார்த்தார், கடி வாங்கினார். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியும் போட்டுக்கொண்டார்.

"மச்சான், லாரிக்காரன் போயே போயிட்டான். தூக்கினவன் நான். கடி எனக்கா?" என்று என்னிடம் முறையிட்டார்.

நாயின் கணக்கு அப்படித்தான். லாரியை அது சரியாகப் பார்க்கவில்லை. உயிர் போகிற வலியில் கண்ணுக்குத் தெரிந்தது மைத்துனரின் முகமும் கையுந்தான். ஒன்றையடுத்து இன்னொன்று வந்தால் நாய் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும் என்பதை, 1904ல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யரான பாவ்லோவ் சோதித்தே காட்டியிருக்கிறார். அந்த முடிச்சை அவிழ்த்து வேறு முடிச்சுப் போடவேண்டும். அதட்டினால் இறுகத்தான் செய்யும்.

மைத்துனர் பிறகு செய்தது இது. நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். இரண்டு நாள் அவ்வளவுதான். மூன்றாம் நாள் மணியே வந்து முழங்கையை முகர்ந்தது. முதலில் நல்ல காலைத் தொட்டார். தொட்ட பிறகு அவித்த முட்டையில் ஒரு துண்டு. இந்த வரிசை முக்கியம். முட்டையைக் காட்டிவிட்டுக் காலைப் பிடித்தால் முட்டையின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்! நாய் உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, "பயமாயிருக்கிறது" என்று அர்த்தம். உடனே கையை எடுத்துவிட்டார். உறுமினால் அடிக்கவில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை மணியடிக்காமலே கடிக்கும்.

வலி மாத்திரை கொடுத்துச் சற்று நேரம் கழித்தே காலைத் தொடுவார். அது டாக்டர் கொடுத்த மாத்திரை. நாம் தலைவலிக்கும் உடல்வலிக்கும் போட்டுக்கொள்கிற மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். பல அதற்கு விஷம்.

தையல் பிரித்துப் புண் ஆறிய பின், டாக்டரைக் கேட்டுக்கொண்டு பம்புசெட் தொட்டியில் இறக்கினார். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். தண்ணீர் இடுப்பு மட்டம் நின்றால், உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் கால்கள் தாங்கவேண்டும். பெரிய நகரங்களில் இதற்கென்றே கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டை வைத்திருக்கிறார்கள். செம்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்பில், கிணற்றிலிருந்து வெதுவெதுப்பாக வருகிற மார்கழிக் காலைத் தண்ணீர் அந்த வேலையைச் செய்தது.

பொங்கலுக்குப் போயிருந்தேன். லேசாக நொண்டினாலும் நான்கு காலையும் ஊன்றி வாசலுக்கு ஓடிவந்த மணி, மைத்துனரின் காலடியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து உறுமிற்று. மைத்துனருக்கு ஏகப் பெருமை!